வாலாட்டுவதற்கும் கமிஷனா?

முந்தின மார்கழி. ஆருத்ரா தரிசனத்துக்கு உத்தரகோசமங்கையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஆண்டு முழுவதும் சந்தனக்காப்புக்குள் இருக்கும் மரகத நடராஜரைச் சந்தனம் களைந்த திருமேனியாகப் பார்க்கக் கிடைப்பது அப்போது மட்டும்தான். சென்னையிலிருந்து காரில் வந்திருந்த ஒரு குடும்பம், வராகி அம்மனுக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்துவிட்டு நடராஜர் சந்நிதி வரிசையில் வந்து நின்றது. வரிசை நகராத நேரத்திலெல்லாம் அந்த வீட்டம்மா போனை எடுத்துப் பார்த்துக்கொண்டார். வீட்டில் விட்டுவந்த நாயின் படங்கள் வந்துகொண்டிருந்தன. சாப்பிட்டது, தூங்கியது, பால்கனியில் காக்காயைப் பார்த்துக் குரைத்தது என்று ஒவ்வொன்றாக.

படங்களை அனுப்பிக்கொண்டிருந்தவர் இதே உத்தரகோசமங்கையில் பிறந்து வளர்ந்த பெண். தன் ஊர்ச் சாமியைப் பார்க்க வந்தவர்களின் நாயைப் பார்த்துக்கொண்டு, அவர் வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடியின் நான்காவது தளத்தில் இருந்தார். பிறகொரு நாள் இதை அவரே சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்ததும் ஒரு கேள்வி கேட்டார்.

“அண்ணே, அந்த வீட்ட எனக்குக் காட்டிக் குடுத்தது ஆப்புதான். அதுக்குக் கமிஷன் எடுத்தான், சரி, குடுத்தேன். இப்ப அந்த நாயி என் செருப்புச் சத்தம் கேட்டாலே வாலாட்டுது. அந்த வாலுக்கும் எதுக்குண்ணே கமிஷன்?”

கணக்கு இதுதான். ஓர் இரவுக்கு 800 ரூபாய். அதில் ஐந்தில் ஒரு பங்கு, 160 ரூபாய், நாய் பார்க்கும் வேலையைத் தேடித் தந்த செயலிக்கு. அந்த ஒரு நாயை மட்டும் இரண்டு ஆண்டுகளில் பதினோரு தடவையாக 40 இரவுகள் பார்த்திருக்கிறார். பிடித்தம் 6,400 ரூபாய். முதல் தடவை நான்கு இரவுக்குப் போன 640 ரூபாயை அறிமுகக் கூலி என்று வைத்துக்கொள்வோம். மீதி 5,760 ரூபாய் எதற்கு? இந்தக் கட்டுரை அந்த 5,760 ரூபாயைப் பற்றியது.

வாரமும் சிட்டையும்

அடுத்தவர் பிராணியைப் பார்த்துக்கொண்டு பிழைப்பது, உத்தரகோசமங்கை இருக்கும் ராமநாதபுரத்துக்குப் புதிதில்லை. ஆட்டை வாரத்துக்கு விடுவது இந்த வறண்ட மண்ணில் தலைமுறை தலைமுறையாக நடப்பது. காசு இருப்பவர் ஒரு பெட்டைக் குட்டியை வாங்கிக் கொடுப்பார். காசு இல்லாதவர் வளர்ப்பார். ஈனும் குட்டிகளில் பாதி இவருக்கு, பாதி அவருக்கு. ஊருக்கு ஊர் கணக்கில் கொஞ்சம் மாறும். ஆனால் ஒரு நியாயம் எங்கும் மாறாது. ஆடு நோயில் விழுந்தால் நட்டமும் இருவருக்கும்தான். பங்கு கேட்பவன் நட்டத்திலும் பங்காளி.

ஆட்டு மந்தை ஓட்டும் கீதாரிகளிடமும் ஒரு கணக்கு உண்டு. கோடையில் ஆடுகளைக் காவிரிப் படுகை வரை ஓட்டிப்போய், அறுவடையான வயல்களில் கிடை போடுவார்கள். பல வீட்டு ஆடுகள் ஒரே மந்தையில் நடக்கும். யார் ஆடு எது என்பது காதில் இருக்கும் அடையாளத்தில் தெரியும். வயலுக்கு எரு சேர்ந்த கணக்கில் விவசாயி கிடைக்கூலி கொடுப்பார். வழியில் ஆடு தொலைந்தால் கீதாரி பதில் சொல்ல வேண்டும். கூலி ஒரு கையில், பொறுப்பு மறு கையில்.

நம் பெண்ணின் அப்பாவும் வாரத்துக்கு ஆடு வளர்த்தவர்தான். காலையில் பட்டியைத் திறந்ததும் அவர் முதலில் பார்ப்பது புழுக்கையை. உருண்டையாகக் கிடந்தால் நிம்மதி, இளகியிருந்தால் அன்றைக்கு மேய்ச்சலுக்கு அனுப்பமாட்டார். அசை போடாமல் ஒதுங்கி நிற்கும் ஆட்டை நூறு ஆட்டுக்குள் கண்டுபிடிப்பார். மகள் வேளச்சேரியில் செய்வதும் அதையேதான். புது நாய் முதல் ராத்திரி சாப்பிடாது என்று அவருக்குத் தெரியும். கெஞ்சமாட்டார். வீட்டுக்காரர் உடுத்திய பழைய துணி ஒன்றை வாங்கி நாயின் படுக்கையில் போட்டுவிட்டு, தான் ஓரமாக உட்கார்ந்து சாப்பிடுவார். நாய் தானாக வந்து தட்டை முகரும். இந்தப் பொறுமையை எந்தச் செயலியும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

கமிஷனும் இங்கே பழைய சொல்தான். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் குண்டு மிளகாய், காட்டிலிருந்து வந்து இறங்குவது கமிஷன் மண்டியில். மண்டியைப் பற்றி விவசாயிக்கு ஆயிரம் குறை உண்டு. மாதிரி பார்க்க என்று அள்ளும் மிளகாயிலிருந்து முன்பணம் கொடுத்தவரிடமே சரக்கைப் போட வேண்டிய கட்டாயம் வரை பட்டியல் நீளும். ஆனாலும் சாயந்திரம் கையில் ஒரு சிட்டை வரும். எடை இவ்வளவு, விலை இவ்வளவு, கமிஷன், இறக்கு கூலி, மீதி இவ்வளவு. வயிறு எரிந்தாலும் எதற்கு எரிகிறது என்று தெரியும். விதைக்கும் காலத்தில் முன்பணம் கொடுத்ததால், மழை பொய்த்தால் மண்டிக்காரர் பணமும் சேர்ந்துதான் முடங்கும்.

பாம்பன், மண்டபம் பக்கம் மீன் ஏலத்திலும் இதே கதை. வலைக்கும் இன்ஜினுக்கும் வியாபாரி முன்பணம் தருவார். பிடிக்கும் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும். சுரண்டல் என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அந்தச் சுரண்டலிலும் வியாபாரியின் முதல் கடலில் மிதந்துகொண்டிருந்தது. செயலியின் முதல் எங்கே மிதக்கிறது? பதினோராவது தடவை அதே வீட்டுக்கு, அதே நாய்க்கு, அதே சாவியோடு போகும்போது அது என்ன வேலை செய்கிறது?

கதவைத் திறந்தது யார்?

செயலியைத் திட்டித் தீர்ப்பது சுலபம். நியாயமாகப் பேச வேண்டுமென்றால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். தெற்கேயிருந்து சென்னைக்குப் போன ஒரு பெண்ணுக்கு, முன்பின் தெரியாத ஒருவர் வீட்டுச் சாவியைக் கையில் கொடுப்பாரா? பழைய முறையில் வேலை கிடைப்பது ‘சொல்லிவிடுவது’ மூலம்தான். யார் சொல்லி வந்தீர்கள், எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று மூன்று கேள்வி வரும். மூன்றாவது கேள்விக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. செயலி அந்த மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. அடையாள அட்டையைச் சரிபார்த்தது, படம் போட்டது, முதல் மூன்று வாடிக்கையாளர்கள் கொடுத்த நட்சத்திரங்களை நான்காமவருக்குக் காட்டியது. தெரிந்தவர் இல்லாதவருக்கு அந்த நட்சத்திரமே சிபாரிசுக் கடிதம்.

ஆகவே முதல் தடவைக் கமிஷனை நான் குறை சொல்லமாட்டேன். ஐந்தில் ஒரு பங்கு அதிகமா குறைவா என்று பேரம் பேசலாம்; கூலி உண்டு என்பதில் சந்தேகமில்லை. கல்யாணத் தரகர் பெண்ணைப் பார்த்துச் சொன்னதற்கு வாங்குவதும் அப்படித்தான். ஆனால் எந்தத் தரகரும் வளைகாப்புக்கும் காதுகுத்துக்கும் பங்கு கேட்டு வருவதில்லை.

செயலி கேட்கிறது. அதற்கென்றே வேலியும் போடுகிறது. அரட்டைப் பெட்டியில் வாடிக்கையாளருக்குத் தன் போன் நம்பரை அனுப்பப் பார்த்தார் நம் பெண். எண்கள் இருந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் வந்து விழுந்தன. கூடவே, வெளியே பணம் வாங்கினால் கணக்கு முடக்கப்படும் என்று ஓர் எச்சரிக்கை. ஒரே வீட்டில் நான்கு நாள் தங்கப்போகிறவர் அந்த வீட்டுக்காரருக்கு நம்பர் கொடுக்கக் கூடாதாம்!

உலகம் போன வழி

இந்தத் தொழிலில் உலகின் பெரிய பெயர் ரோவர். 2011-ல் அமெரிக்காவின் சியாட்டிலில் தொடங்கிய நிறுவனம். நாய் பார்த்துக்கொள்பவரின் வருமானத்தில் அது 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது. நாய்க்காரரிடமும் தனியாகக் கட்டணம் வாங்குகிறது. அதன் வழியாக அறிமுகமான வாடிக்கையாளரின் பணம் அதன் வழியாகவே வர வேண்டும் என்பது நிபந்தனை. பிளாக்ஸ்டோன் என்ற முதலீட்டு நிறுவனம் சுமார் 230 கோடி டாலருக்கு ரோவரை வாங்கி, 2024 பிப்ரவரியில் அந்த வியாபாரம் முடிந்தது. ரோவரிடம் சொந்தமாக ஒரு நாய்க்கூண்டு கிடையாது. அப்புறம் அந்த விலை எதற்கு? திரும்பத் திரும்ப வரும் வாடிக்கையாளரிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் பிடித்தத்துக்குத்தான்.

வேறு விதமாகவும் செய்ய முடியும் என்பதற்குச் சாட்சி உண்டு. கணினி வேலைகளை வீட்டிலிருந்தே செய்பவர்களுக்கான அப்வொர்க் தளம், 2016 முதல் சில ஆண்டுகள் படிப்படியாகக் குறையும் கமிஷன் வைத்திருந்தது. ஒரே வாடிக்கையாளரிடம் முதல் 500 டாலர் வரை 20 சதவீதம், அதற்கு மேல் 10,000 டாலர் வரை 10 சதவீதம், அதையும் தாண்டினால் 5 சதவீதம். உறவு பழசாகப் பழசாக நடுவில் இருப்பவரின் பங்கு தேய வேண்டும் என்ற நியாயத்தை ஒரு நிறுவனமே ஏற்று நடத்திக் காட்டியது. 2023-ல் அதைக் கைவிட்டு எல்லாருக்கும் 10 சதவீதம் என்று மாற்றிக்கொண்டது வேறு விஷயம். முடியாது என்று இனி யாரும் சொல்ல முடியாது.

நம் நாட்டிலேயே ஒரு வேடிக்கை நடந்திருக்கிறது. 2022 நவம்பரில் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு ‘நம்ம யாத்ரி’ வந்தது. கமிஷன் இல்லை, பயணி நேராக ஓட்டுநரிடம் பணம் கொடுப்பார், ஓட்டுநர் செயலிக்கு ஒரு நாளுக்கு 25 ரூபாய் சந்தா கட்டுவார் என்பது பிறகு வந்த ஏற்பாடு. 2025-க்குள் ராபிடோ, ஊபர், ஓலா என்று பெரியவர்கள் எல்லாரும் ஆட்டோவுக்குச் சந்தா வழிக்கு வந்துவிட்டார்கள். இதில் வேடிக்கை எங்கே என்றால், ஆட்டோவில் ஒவ்வொரு சவாரிக்கும் செயலி புதிதாக வேலை செய்கிறது. நேற்று வந்த ஓட்டுநர் இன்று வரமாட்டார். ஒவ்வொரு தடவையும் தேடிப் பிடிக்க வேண்டும். நாய் பார்க்கும் தொழிலில் தேடல் ஒரு தடவையோடு முடிகிறது. தினமும் உழைக்கும் இடத்தில் கமிஷன் போய்விட்டது. ஒரு நாள் உழைத்த இடத்தில் ஆயுளுக்கும் நிற்கிறது. ஆட்டோக்காரர்களுக்குச் சங்கம் இருந்தது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

நாமக்கல் மாவட்ட ஓட்டல்காரர்கள் 2025 ஜூலை 1 முதல் ஸ்விக்கி, சொமேட்டோ ஆர்டர்களை எடுப்பதில்லை என்று முடிவெடுத்தார்கள். கமிஷன் கட்டுப்படியாகவில்லை, கமிஷனுக்கு மேலும் பிடித்தங்கள் வருகின்றன என்பது அவர்கள் புகார். ஒரு கடை விலகியிருந்தால் பக்கத்துக் கடைக்கு யோகம். மாவட்டமே விலகியதால் செய்தியானது.

தனியாகப் போனால்

“அப்படியானால் செயலியை விட்டுவிட்டு நேராகப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே?” என்பது எல்லாரும் கேட்பது. பணம் வாங்கச் செயலி தேவையில்லை என்பது உண்மை. 2016-ல் வந்த யுபிஐ, டீக்கடை முதல் கோயில் உண்டியல் வரை போய்விட்டது. 2020 ஜனவரி முதல் அதற்கு வணிகரிடம் கட்டணமும் இல்லை. 800 ரூபாயும் முழுசாக 800 ரூபாயாகவே வந்து சேரும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 27-ஆம் பிரிவு, ஒருவர் நியாயமான தொழில் செய்வதைத் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்கிறது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது போடும் கட்டுப்பாட்டை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. விலகிய பிறகும் கையைக் கட்டுவதை ஏற்பதில்லை. எனவே செயலியில் இருந்துகொண்டே வாடிக்கையாளரைப் பின்வாசல் வழியாகக் கூட்டிப்போவது வேறு, கணக்கை முடித்துக்கொண்டு முன்வாசல் வழியாக வெளியேறுவது வேறு. முதலாவதை நான் சொல்லமாட்டேன். கையெழுத்துப் போட்ட வார்த்தைக்கு ஒரு மதிப்பு வேண்டும். இரண்டாவது அவர் உரிமை.

ஆனால் வெளியேறியவர் அந்த 160 ரூபாயை அப்படியே லாபம் என்று எண்ணிவிடக் கூடாது. நாய் யாரையாவது கடித்தால் யார் பொறுப்பு? ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி எடுத்தால் எந்தக் கால்நடை மருத்துவர், செலவு யாருடையது? கிளம்பும் நாளில் பயணத்தை ரத்து செய்தால் இவர் ஒதுக்கிவைத்த நாலு நாளுக்கு என்ன பதில்? தெரியாத வீட்டுக்குள் தனியாகப் போகும் பெண்ணின் பாதுகாப்புக்கு யார்? செயலி இவற்றையெல்லாம் ஒழுங்காகச் செய்ததா என்பது தனிக் கேள்வி. செய்வதாகச் சொல்லித்தான் பிடித்தது. வெளியே வந்தபின் அவை அத்தனையும் இவர் தலையில்.

இதற்காகவே நம் பெண் தன் நிபந்தனைகளை ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி வைத்திருக்கிறார். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையைப் பார்க்காமல் நாயை ஏற்பதில்லை. வீட்டுக்காரர் இருக்கும்போதே ஒரு தடவை போய் நாயோடு பழகாமல் சாவியை வாங்குவதில்லை. பாதிப் பணம் முன்னால். மருத்துவச் செலவு நாய்க்காரருடையது என்று அவரிடம் கையெழுத்து. நாலே வரி. ஆட்டு வாரத்தில் வாய்ச்சொல்லாக இருந்தது இங்கே காகிதத்துக்கு வந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய பிரச்சினை காய்ச்சல். அவருக்கு வரும் காய்ச்சலைச் சொல்கிறேன். தனியாள் படுத்தால் தொழிலும் படுக்கும். இதற்குத் தீர்வைக் கடற்கரை எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. திருவனந்தபுரத்துப் பக்கம் மரியநாடு கிராமத்தில் மீனவர்கள் தொடங்கிய சங்க முறை பரவி, 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பாக வளர்ந்து, கன்னியாகுமரிக் கரைக்கும் வந்தது. கரையில் மீனை வியாபாரி ஏலம் விடாமல் சங்கமே விட்டது. சங்கமும் பிடித்தம் செய்யத்தான் செய்தது. ஆனால் பிடித்ததில் ஒரு பகுதி மீனவரின் சேமிப்புக்கும் ஒரு பகுதி கடனை அடைப்பதற்கும் போனது. தரகை ஒழிப்பதற்குப் பதிலாக, அது யார் மடியில் விழுகிறது என்பதை மாற்றினார்கள்.

நாய் பார்ப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் போதும். ஒருவருக்கு முடியாத நாளில் மற்றவர் போவார். வாடிக்கையாளருக்கு இருவரையும் முன்கூட்டியே அறிமுகம் செய்திருப்பார்கள். ஆளுக்கு ஐந்து சதவீதம் பொது நிதியில் போட்டால் ஒரு கடி, ஒரு மருத்துவச் செலவைத் தாங்கும். அதற்கும் பெயர் கமிஷன்தான். ஆனால் அது அவர்கள் மடியிலேயே விழும் கமிஷன்.

அரசு செய்ய வேண்டியது

தமிழ்நாட்டில் இணையவழித் தொழிலாளர்களுக்கென நலவாரியம் அமைக்கப்படும் என்று 2023 சுதந்திர தினத்தன்று முதல்வர் அறிவித்தார்; அந்த ஆண்டு இறுதியில் வாரியமும் வந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, செயலி நிறுவனங்கள் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் வரை தொழிலாளர் நிதிக்குக் கொடுக்க வேண்டும் என்கிறது. நல்லதுதான். ஆனால் வாரியம் என்றதும் நம் நினைவுக்கு வருவது முதுகில் பை மாட்டிய இளைஞர். அடுத்தவர் வீட்டு அறைக்குள் முதியவரையும் குழந்தையையும் நாயையும் பார்த்துக்கொள்ளும் பெண் சாலையில் தெரிவதில்லை. அவர் பிரச்சினை வேறு மாதிரியானது. அவருக்கு வாடிக்கையாளர் ஆயிரம் பேர் இல்லை, பத்து வீடுதான். அந்தப் பத்து வீட்டின் நம்பிக்கைதான் அவர் முதலீடு.

அதைக் காக்க மூன்று விதிகள் போதும். ஒன்று, ஒரே வாடிக்கையாளரிடம் திரும்பப் போகும்போது கமிஷன் படிப்படியாகக் குறைந்து, ஒரு கட்டத்துக்குப் பின் பணம் கைமாற்றும் செலவோடு நிற்க வேண்டும். இரண்டு, மண்டிச் சிட்டை மாதிரி ஒவ்வொரு வேலைக்கும் கணக்குச் சீட்டு வேண்டும். வாடிக்கையாளர் கொடுத்தது எவ்வளவு, செயலி எடுத்தது எவ்வளவு, தொழிலாளிக்கு வந்தது எவ்வளவு என்பது இரு பக்கமும் தெரிய வேண்டும். மூன்று, நட்சத்திரங்கள் தொழிலாளியின் சொத்து. பள்ளியை விட்டுப் போகிறவருக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்கிறோம். செயலியை விட்டுப் போகிறவருக்கு, இத்தனை வீடுகளில் இத்தனை இரவுகள் குறையின்றி வேலை பார்த்தார் என்று சான்று கொடுக்க என்ன தடை?

செயலிகள் இதனால் மூடிவிடாது. முதல் அறிமுகத்துக்கு ஊரில் ஆள் வந்துகொண்டேதான் இருப்பார்கள். உறவைப் பூட்டி வைத்துப் பிழைக்கும் வழி மட்டும் அடைபடும்.

இந்த மார்கழியில் அந்தச் சென்னைக் குடும்பத்துக்கு மறுபடி வெளியூர்ப் பயணம். நம் பெண்ணைக் கூப்பிட்டார்கள். போன தடவை வரை வருகிற வேலையை மறுத்தால் செயலியில் பெயர் கீழே இறங்கிவிடும் என்ற பயத்தில் மறுத்ததே இல்லை. இந்தத் தடவை, “எங்க ஊர்ல ஆருத்ரா. நான் வரமாட்டேன். உங்களுக்குத் தெரிஞ்ச அந்த இன்னொரு அக்கா வருவாங்க” என்று சொல்லிவிட்டு, சேது எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டார்.

சந்நிதி வரிசையில் அவருக்குப் பின்னால் நான் நின்றிருந்தேன். கூட்டம் நெருக்கியடித்த நேரத்தில் அவர் போன் மினுங்கியது. எட்டிப் பார்த்தேன். பால்கனி, காக்கா, அந்த நாய். படம் அனுப்பியவர் கீழே ஒரு வரி எழுதியிருந்தார்: ‘முதல் ராத்திரி சாப்பிடல. துணி போட்டேன். இப்ப சாப்பிட்டுடுச்சு.’ நம் பெண் போனை முந்தானையில் முடிந்துகொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு நகர்ந்தார்.